மனம் விட்டுக் கேளுங்க: ஆர் சொல்ல ஆர் கேக்கிறது?

போன மாசம் "குடும்பத்தில ஆர்ர சொல் எடுபடணும்" எண்டு ஒரு சின்னக் கேள்விக்கு நாலு வரி பதில் போட்டன், அதுக்குப் பிறகு வந்து குவிஞ்ச கடிதங்கள்ல முக்கால்வாசி ஆம்பிளையள்ர கடிதம். எனக்கு அதிகாரம் பண்ற பொண்ணு வேணும், எனக்கு அடங்கிற ஆள் வேணும், நான் அடங்கிற ஆள், நான் அடக்கிற ஆள் எண்டு. நம்மட ஊர்ப் பொடியன்மார்ர மனசில இவ்வளவு கிடந்திருக்கு எண்டு எனக்கே தெரியாமப் போச்சு. அதால இந்த மாசம் மற்றக் கேள்வியெல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறன். ஊர், வயசு, வேலை எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கன், அவர்தானே இவர் எண்டு ஆரும் கண்டுபிடிக்கப் பாக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, கல்லடிப் பக்கம், அரசாங்க உத்தியோகம். வீட்டில பொண்ணு பாக்கிறாங்க. எனக்கு விபரம் தெரிஞ்ச நாள்ல இருந்தே அதிகாரமா கதைக்கிற பொம்பிளைகள்லதான் விருப்பம். அவ முடிவெடுக்கணும், என்ன இத செய் அத செய் எண்டு சொல்லணும், தனிய இருக்கேக்குள்ளயும் அப்பிடித்தான். நெட்டில பாத்தன், இதுக்கு 'சப்மிசிவ்' எண்டு பேராம். இது ஒரு வருத்தமா அக்கா? புரோக்கரிட்ட இத எப்பிடிச் சொல்ற? கூட்டாளிமாருக்குத் தெரிஞ்சா ஆம்பிளையாவே மதிக்க மாட்டாங்க.

பதில்: தம்பி, முதல்ல வருத்தமா எண்ட கேள்விய முடிச்சு அனுப்பிருவம். வருத்தம் இல்ல. ஒரு காலத்தில டாக்டர்மார் இத வருத்தக் கணக்கிலதான் வச்சிருந்தாங்க. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில கிராஃப்ட் எபிங் எண்ட மனநல டாக்டர் ஒருத்தர், அப்ப உயிரோட இருந்த சாக்கர் மசோக் எண்ட எழுத்தாளர்ர பேர எடுத்து 'மசோக்கிசம்' எண்டு இதுக்குப் பேர் வச்சிட்டார், அந்த மனுசன் பாவம், தன்ர பேர் ஒரு வருத்தத்துக்குப் பேரானதப் பாத்துட்டுத்தான் செத்தார். மறுகா காலம் மாறிச்சு. டென்மார்க் 1995லயே இத வருத்தப் பட்டியல்ல இருந்து தூக்கிச்சு, உலக சுகாதார ஸ்தாபனம் 2019ல ஏத்துக்கொண்டு 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்த ஐசிடி 11 எண்ட வருத்தப் பட்டியல்ல, ரெண்டு வளந்த ஆக்கள் விரும்பிச் செய்யிறது வருத்தம் இல்ல எண்டு ஆயிட்டு. மற்ற ஆள் விரும்பாம அவர நோகடிச்சு அதில சந்தோசம் காணுறது மட்டும் இன்னும் பட்டியல்ல இருக்கு. இருக்கத்தான் வேணும்.

இனி ஆம்பிளையா மதிக்க மாட்டாங்க எண்ட கதை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர எடுத்து மணமகள் தேவை பக்கத்த வாசிச்சுப் பாருங்க. "அடக்கமான, பணிவான, குடும்பப்பாங்கான மணமகள் தேவை". ஒருத்தனுக்கும் அத அச்சடிக்க வெக்கம் வரல்ல, அவன்ர அம்மாதான் காசு கட்டிப் போட்டிருப்பா. அதுவும் இதே விருப்பம்தானே தம்பி? எனக்கு அடங்குற ஆள் வேணும் எண்டு பேப்பர்ல போட்டா அது பண்பாடு, எனக்கு என்ன ஆளுற ஆள் வேணும் எண்டு நீங்க எனக்கு ரகசியமா எழுதினா அது வருத்தம். நல்ல நியாயம்.

அதிலயும் நீங்க மட்டக்களப்பில இருந்துகொண்டு இதுக்கு வெக்கப்படுறதுதான் எனக்கு விளங்கல்ல. நம்மட பக்கம் குடி, அதாவது வம்சம், வாறது தாய் வழியில. கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொட்டியக் கட்டிக்கொண்டு பொண்ணு வீட்டுக்குப் போறது, வீடு வளவு பொண்ணுர பேர்ல சீதனம், தாய் தகப்பன் பக்கத்தில இன்னொரு சின்ன வீட்டக் கட்டிக்கொண்டு ஒதுங்கிருவாங்க. அம்பாறைப் பக்கம் முஸ்லிம் ஆக்களிட்டயும் இதே வழக்கம்தான். வெளியூர்ப் படத்தில வீட்டோட மாப்பிள்ளை எண்டா பகிடி, இங்க அது சும்மா மாப்பிள்ளை. என்ர அப்பா வாவிக்கு அங்கால படுவான்கரையில ஆறு ஏக்கர் வயல் செஞ்ச மனுசன், மாட்டோட கத்தினா வாவிக்கு இங்கால கேக்கும், ஆனா நெல்லு எப்ப விக்கிறது, ஆருக்கு விக்கிறது எண்டு அம்மா சொன்னாத்தான் மூட்டை அசையும். அவர ஒருத்தரும் ஆம்பிளை இல்ல எண்டு சொன்னத நான் கேட்டதில்ல. அம்மா கோவிச்சா அவர்ர முகத்தில ஒரு சிரிப்பு வரும், அது என்ன சிரிப்பு எண்டு எனக்கு நாப்பது வயசிலதான் விளங்கிச்சு.

ஆனா ஒண்டு தம்பி. நீங்க எழுதினதில மூண்டு விசயம் ஒண்டாக் கலந்து கிடக்கு. ஒண்டு வீட்டு முடிவு, ஒண்டு காசு, மற்றது படுக்கையறை. வீட்டில எல்லா முடிவும் எடுக்கிற பொம்பிளை கதவச் சாத்தினா ஒரு முடிவும் எடுக்க விருப்பமில்லாதவவா இருக்கலாம், வெளியில வாயே திறக்காத ஆள் உள்ளுக்கு ராணியா இருக்கலாம். அதிகாரமா கதைக்கிறா எண்டு ஒரு டீச்சரயோ ஒரு நேர்ஸயோ பாத்துக் கட்டிப்போட்டு, இவ இரவில ஏன் அதிகாரம் பண்றா இல்ல எண்டு முழிச்சா அது அவட பிழை இல்ல. நாள் முழுக்க வார்ட்டில அதிகாரம் பண்ணிட்டு வந்தவளுக்கு வீட்டில சும்மா கிடக்கத்தான் ஆசை வரும், நான் சொல்றன், எனக்குத் தெரியும்.

புரோக்கரிட்ட ஒரு சொல்லும் சொல்லாதீங்க. அவருக்குச் சொன்னா ஆரையம்பதிச் சந்தைக்குச் சொன்ன மாதிரி. பொண்ணு பாத்து ரெண்டு பேருக்கும் பிடிச்சு, கதைக்க விட்டா, அப்ப கொஞ்சம் கொஞ்சமா கதைங்க. முதல் நாளே டொமினன்ட் (அதிகாரம் பண்ற ஆள்), சப்மிசிவ் (அடங்கிற ஆள்) எண்டு தொடங்கினா அந்தப் புள்ள போன கட் பண்ணிரும். "எனக்கு முடிவெடுக்கிற பொம்பிளைகள்ல மரியாதை, சம்பளத்த உங்கட கையில தந்தா என்ன செய்வீங்க, நான் பிழை விட்டா ஏசுவீங்களா" எண்டு பகிடியாக் கேளுங்க. அவ சிரிச்சுக்கொண்டு "ஏச மாட்டன், முட்டுக்கால்ல விடுவன்" எண்டு சொன்னா உங்களுக்கு அதிஸ்டம். "ஐயோ எனக்கு ஆம்பிளைதான் எல்லாம் பாக்கணும்" எண்டா அதுவும் பதில்தான், அந்த இடத்திலயே மரியாதையா யோசிங்க. படுக்கையறைக் கதை நிச்சயதார்த்தத்துக்கு முன்னம் ஒருக்கா வந்தே ஆகணும். கலியாண எழுத்து முடிஞ்ச பிறகு சொன்னா அது ஏமாத்தின கணக்கு.

கேள்வி: அக்கா நான் அக்கரைப்பற்று, 34 வயசு. எனக்கு அடங்கி நடக்கிற பொண்ணுதான் வேணும், சொன்னாக் கேக்கணும், எதிர்த்துக் கதைக்கப்படாது. நீங்க போன மாசம் எழுதினதப் பாத்தா இது பிழை மாதிரி. என்ன பிழை?

பதில்: ஒரு பிழையும் இல்ல, அப்பிடி இருக்க விரும்புற பொண்ணு கிடைச்சா. விரும்புற எண்ட சொல்ல ரெண்டு தரம் வாசிங்க. உங்கட கடிதத்தில அவட விருப்பம் எண்டு ஒரு வரி கூட இல்ல, முழுக்க உங்கட பட்டியல், ஹாட்வெயார்க் கடையில குடுக்கிற துண்டு மாதிரி. வழிநடத்துற ஆளுக்கு வேலை கூட, குறைய இல்ல. மற்றவட முகத்தப் பாத்து எது கூடிட்டு, எது பத்தல்ல எண்டு விளங்கத் தெரியணும், பிழைச்சா பழிய தன்ர தலையில போடணும். அதெல்லாம் செய்ய ஏலாது, எதிர்த்துக் கதைக்காம இருந்தாக் காணும் எண்டா உங்களுக்குத் தேவை பொண்ணு இல்ல.

கேள்வி: வணக்கம் அக்கா. இத போடுவீங்களோ தெரியாது. நான் கல்முனைப் பக்கம், 26 வயசு, ஆம்பிளைகள விரும்புற ஆம்பிளை. ஆக்களச் சந்திக்க போன்ல ஒரு அப் பாவிக்கிறன், அங்க வணக்கம் சொல்ல முன்னமே டாப்பா பாட்டமா எண்டுதான் கேக்கிறாங்க. நான் மெலிஞ்ச ஆள், குரலும் மெல்லிசு, அதால எல்லாரும் நான் அடங்கிற ஆள் எண்டே முடிவெடுக்கிறாங்க. எனக்கு கொஞ்சம் அப்பிடி விருப்பம் இருக்குத்தான், அதுக்காக எல்லாத்துக்கும் இல்ல. இப்ப 40 வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், "நான் டொம் (டொமினன்ட்), நீ சப் (சப்மிசிவ்), சப் எண்டா நான் கேட்டத தரணும்" எண்டு முகம் தெரியிற போட்டோ கேட்டார், குடுத்துட்டன். இப்ப காசு கேக்கிறார், இல்லாட்டி வீட்டுக்கு அனுப்புவாராம். நித்திரை இல்ல அக்கா.

பதில்: போடுறன் தம்பி, ஏன் போடாம. முதல்ல அவசரக் காரியம். காசு அனுப்பாதீங்க. ஒரு தரம் அனுப்பினா அடுத்த மாசமும் கேப்பான், இதில நிப்பாட்டின ஆள நான் கேள்விப்பட்டதே இல்ல. அவனோட கதைச்ச மெசேஜுகள அழிக்காதீங்க, பயத்தில எல்லாரும் முதல்ல அதத்தான் செய்யிறது. ஸ்கிரீன்சொட் எடுங்க, நம்பர், காசு போடச் சொன்ன கணக்கு இலக்கம், திகதி நேரம் எல்லாம் எடுத்து வேற ஒரு இடத்தில வைங்க, மறுகா புளொக் பண்ணுங்க. நீங்க நம்புற ஒரே ஒரு ஆளிட்டயாவது இண்டைக்கே சொல்லுங்க, இப்பிடியானவன்ர ஆயுதமே நீங்க தனிய இருக்கிறதுதான். மிரட்டிக் காசு பறிக்கிறது இலங்கைத் தண்டனைச் சட்டத்தில குற்றம், நீங்க ஆர விரும்புறீங்க எண்டதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

பொலிசுக்குப் போக நீங்க ஏன் பயப்படுறீங்க எண்டு எனக்குத் தெரியும். வெள்ளக்காரன் 1883ல கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில 365, 365அ எண்டு ரெண்டு பிரிவு, ஆம்பிளையும் ஆம்பிளையும் சேர்றது குற்றம் எண்டு. 1995ல திருத்தினவங்க, தூக்குவாங்க எண்டு பாத்தா பொம்பிளைகளையும் சேத்து விட்டுட்டாங்க. 2023 மே மாசம், இதக் குற்றம் இல்ல எண்டு ஆக்கிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு, ஆனா அந்தச் சட்டமூலம் சட்டமா வரல்ல. அதால முதல்ல ஒரு சட்டத்தரணியப் பிடிச்சு, அவரோட சேந்து முறைப்பாடு குடுங்க. முறைப்பாட்டில மிரட்டலத்தான் சொல்லணும், உங்கட படுக்கையறைய விளக்கத் தேவையில்ல. நித்திரை இல்லாமத் தலை வெடிக்கிற மாதிரி இருந்தா 1926க்கு எடுங்க, மனநலத்துக்கான தேசிய இலக்கம், இரவிலயும் எடுக்கலாம்.

இனி ஆறுதலா மற்றக் கதை. டாப், பாட்டம் எண்டுறது உடம்பால ஆர் என்ன செய்யிறது எண்டது. டொம், சப் எண்டுறது ஆர் சொல்ல ஆர் கேக்கிறது எண்டது. ரெண்டும் ரெண்டு தண்டவாளம், பக்கத்தில பக்கத்தில ஓடுறதால ஒண்டு எண்டு நினைக்கிறாங்க. பாட்டமா இருந்துகொண்டு எல்லாத்தையும் தானே நடத்துற ஆக்கள் இருக்காங்க, டாப்பா இருந்துகொண்டு "இப்ப செய்யட்டா, இப்பிடிச் செய்யட்டா" எண்டு சொல்லுக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஆக்களும் இருக்காங்க, ரெண்டும் மாறி மாறி விரும்புற ஆக்களுக்கு சுவிட்ச் எண்டு பேர், ரெண்டிலயும் ஒரு அக்கறையும் இல்லாத ஆக்களும் இருக்காங்க, அவங்க வாய் திறக்காததால கணக்கில வாறல்ல.

மெலிஞ்ச உடம்பு, மெல்லிசுக் குரல் எண்டா அடங்கிற ஆள் எண்டு நினைக்கிறது நம்மட ஊர்க்காரனுக்கு அழகில்ல. விடிய விடியக் கூத்துப் பாத்து வளந்த ஆக்கள் நாம. வடமோடியில பாஞ்சாலிக்கு ஆடுறவனும் ஆம்பிளைதான், பொம்பிளை உடுப்பு உடுத்து அழுது ஆடிட்டு, விடிஞ்சா வேசத்தக் கலைச்சுப்போட்டு வயலுக்குப் போவான். அவன் ஆர் எண்டத உடுப்ப வச்சு ஆரும் முடிவெடுக்கல்ல.

அந்த 40 வயசு மனுசன் சொன்னதிலதான் பெரிய பொய் இருக்கு. "சப் எண்டா கேட்டத தரணும்." இல்ல. அடங்குறது எண்டது நீங்க குடுக்கிறது, அவன் எடுக்கிறது இல்ல. குடுத்தத எந்த நேரமும் திருப்பி எடுக்கலாம். முதல்ல கதைச்சு, எது ஓம் எது மாட்டன் எண்டு சொல்லி, நிப்பாட்டு எண்டா நிப்பாட்டுற ஆளுக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும். அறிமுகமாகி ரெண்டாம் நாள் போட்டோ கேக்கிறவன் டொம் இல்ல தம்பி, கள்ளன். இனி ஆரையும் முதல்ல சந்திக்கிறதெண்டா ஆக்கள் நடமாடுற இடத்தில பகல்ல சந்திங்க, ஒரு கூட்டாளிக்கு எங்க போறீங்க எண்டு சொல்லிட்டுப் போங்க, முகமும் உடம்பும் ஒரே போட்டோவில வரப்படாது. அரசாங்க பாலியல் நோய்க் கிளினிக்ல எச்ஐவி பரிசோதனை இலவசம், பேர் வெளியில போகாது, அதையும் ஒருக்கா செஞ்சு வைங்க.

கேள்வி: எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளை வெளிநாடு. வாட்சப்ல கதைக்கிறவர். "நான் டொமினன்ட் டைப், அது என்ர இயல்பு, நீ ஏத்துக்கணும்" எண்டு சொல்லுவார். என்ர பேஸ்புக் பாஸ்வேர்ட் கேட்டு வாங்கிட்டார், வேலைய விடச் சொல்றார், நான் ஒன்லைன் வர சுணங்கினா ரெண்டு நாள் கதைக்க மாட்டார். கூட்டாளி ஒருத்தி சொன்னா சில ஆம்பிளைகளுக்கு இது ஒரு விருப்பம், பிழை இல்ல எண்டு. உண்மையா? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கட கூட்டாளி அரைவாசிதான் வாசிச்சிருக்கா. விருப்பம் எண்டா அவர் உங்களிட்டக் கேட்டிருப்பார், "எனக்கு இப்பிடி விருப்பம், உங்களுக்கு எப்பிடி" எண்டு. இவர் கேக்கல்ல, அறிவிச்சிருக்கார். ஒரு சின்னப் பரீட்சை வைங்க. ஒரு சின்ன விசயத்துக்கு, பெரிசா ஒண்டும் வேணாம், பாஸ்வேர்ட மாத்திட்டன், தரமாட்டன் எண்டு அமைதியாச் சொல்லுங்க. மறுகா என்ன நடக்குது எண்டு பாருங்க. கட்டுப்பாட்ட ஒரு விளையாட்டா விரும்புற ஆம்பிளை மாட்டன் எண்டாக் கேப்பார், ஏனெண்டா அந்த விளையாட்டே மாட்டன் எண்ட சொல்லுக்கு மேலதான் நிக்குது. இவர் கத்தினா, அழுதா, அம்மாவிட்டச் சொன்னா, ரெண்டு கிழமை கதைக்காம விட்டா, அந்த ரெண்டு கிழமையில நீங்க நல்லா யோசிக்கலாம்.

வேலைய மட்டும் விடாதீங்க. கலியாணத்துக்குப் பிறகு இது கைநீட்டலா மாறின வீடுகள் எனக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிக்கு மட்டும் இல்ல, மனச வதைக்கிறதுக்கும் சேத்துத்தான், நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், 12 மாசம் வரைக்கும் குடுப்பாங்க. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இத உங்களுக்கு மட்டும் சொல்லல்ல, வாசிக்கிற எல்லாருக்கும் சொல்றன்.

கேள்வி: நாங்க கலியாணம் முடிச்சு ஆறு வருசம், திருக்கோவில். கட்டாரில இருந்து வந்துட்டன், இனிப் போகல்ல. எனக்கு ஒரு ஆசை, மனிசி என்னக் கட்டிப்போட்டு அதிகாரம் பண்ணணும் எண்டு. ஒருமாதிரிச் சொல்லிட்டன். அவ ஒரு மணித்தியாலம் சிரிச்சா, மறுகா "சரி பாப்பம்" எண்டா. எப்பிடித் தொடங்கிற?

பதில்: ஒரு மணித்தியாலம் சிரிச்சாவா? உங்கட வீடு நல்ல வீடு.

தொடங்க முன்னம் ஒரு சொல்ல முடிவெடுங்க, அந்த நேரத்தில வேற எதுக்கும் வாயில வராத சொல்லா. இதுக்கு சேஃப்வேர்ட் எண்டு பேர். தயிர் எண்டு வைங்க, ஆருக்கும் அந்த நேரம் தயிர் நினைவு வராது. தயிர் எண்டு ஒருத்தர் சொன்னா அந்த இடத்திலயே எல்லாம் நிக்கும், ஏன் எதுக்கு எண்ட கேள்வி இல்ல. அவவும் சொல்லலாம், அதிகாரம் பண்றவவுக்கும் பயம் வரும், அலுப்பு வரும். கட்டுறதெண்டா மெல்லிய துணியால, ரெண்டு விரல் உள்ளுக்குப் போற அளவுக்குத் தளர்வா கட்டணும், நைலோன் கயிறு வேணாம். கை விறைச்சா, குளிர்ந்தா உடனே அவிழ்க்கணும், நரம்பில பிடிச்சா கன நாளைக்குக் கை வழங்காமப் போகும். கத்திரிக்கோல் கைக்கெட்டின இடத்தில இருக்கணும், முடிச்ச அவிழ்க்க நிண்டு கொண்டிருக்க ஏலாது. கட்டினபடி தனிய விட்டுட்டு அடுப்படிக்குப் போகப்படாது, பாலக் கொதிக்க வச்சிட்டுத் தொடங்கவும் படாது. குடிச்சிட்டு வேணவே வேணாம்.

ஒண்டு மட்டும் கண்டிப்பாச் சொல்றன், நெட்டில கண்டதப் பாத்துக் கழுத்தில கை வைக்காதீங்க. கழுத்த நெரிக்கிறதில பாதுகாப்பான முறை எண்டு ஒண்டு கிடையாது, சில செக்கன்ல நினைவு போயிரும், தயிர் எண்டு சொல்ல ஆள் இருக்காது.

முடிஞ்ச பிறகு எழும்பி போனத் தூக்காதீங்க. ஒரு பிளேன்டீ ஊத்திக் குடிச்சு, எது பிடிச்சது எது பிடிக்கல்ல எண்டு கதைங்க. அதிகாரம் பண்ணின ஆளுக்கு அதுக்குப் பிறகு ஒரு மாதிரி இருக்கும், "நான் கூடாத பொம்பிளையோ, இவர இப்பிடி ஏசிட்டனே" எண்டு. நீங்கதான் இல்ல எண்டு சொல்லணும். முதல் தரம் சரிவராது, சிரிப்பு வந்து குழம்பும், குழம்பட்டும். அவவுக்குப் பிடிக்கல்ல எண்டா அதோட விடுங்க, ஆசைய விடச் சொல்லல்ல, கேக்கிறத விடுங்க.

கேள்வி: அக்கா, எங்கட வீட்டில சமையல்ல இருந்து சம்பளம் வரைக்கும் எல்லா முடிவும் பொஞ்சாதிதான். நான் வெளி விறாந்தையில கதிரையப் போட்டுக்கொண்டு இருப்பன், அவ பத்துத் தரம் கூப்பிட்டாலும் எழும்புறல்ல. அப்ப நானும் சப்மிசிவா? (ஏறாவூர் வாசகர்)

பதில்: இல்ல தம்பி. சப்மிசிவ் எண்டா சொன்னதச் செய்யணும். நீங்க சோம்பேறி. எழும்பிப் போய் என்னத்துக்குக் கூப்பிடுறா எண்டு கேளுங்க.